தொட்டிக்குப் பீடம் கட்டித் தந்த கோத்தகிரி பட்டறை

கொத்தனாருக்கு அஞ்சு ஸ்டார், முதலாளிக்கு ரெண்டு.

கோத்தகிரியில ஸ்லாப், கிணத்து உறை, பூந்தொட்டியெல்லாம் வார்த்து விக்கிற சிமெண்ட் பட்டறை அது. வாசல்ல இருக்கற பெரிய மண்தொட்டிக்குப் பீடம் கேட்டுப் போனேன். 100 லிட்டர் தொட்டி, மண் நனைஞ்சா கிட்டத்தட்ட 200 கிலோ. போதாக்குறைக்கு ராத்திரியில காட்டுமாடு வந்து உரசிட்டுப் போகும். பழைய சில்வர் ஓக் ஸ்டாண்டு அடிக்கால் இத்துப் போச்சு.

ஹாலோ பிளாக் வச்சுப் பூசிரலாம்னார் முதலாளி. பூச்சு விரிஞ்சா தண்ணி உள்ளே இறங்கும், பாசி பிடிக்கும், அப்புறம் வருஷா வருஷம் பெயிண்ட் செலவு. கருங்கல்லுதான்னு சொல்லிட்டேன்.

எங்க வாசல் மேட்டை வெட்டிக் கொட்டி நிரவின மண். கொத்தனார் அதை நம்பலை. கெட்டி மண் தட்டுப்படற வரைக்கும் தோண்டி, ஜல்லி போட்டு இடிச்சு, கான்கிரீட் போட்ட பிறகுதான் முதல் கல்லை வச்சார். உயரம் ஒண்ணரை அடி, அகலம் ரெண்டரை அடி. மேல் ஸ்லாப் பீடத்துச் சுவரைத் தாண்டி ரெண்டு இஞ்ச் நீட்டிட்டு நிக்குது. அதோட அடிப்பக்கம் விளிம்பை ஒட்டிச் சுத்திலும் சுண்டுவிரல் பதியற மாதிரி ஒரு காடி. "அடியில ஊர்ந்து வர்ற தண்ணி இங்கயே சொட்டிருமுங்கம்மா, கல்லுக்கு வராது"ன்னார். ஸ்லாப்புக்கு முன்பக்கமா லேசா வாட்டம். அப்போ தொட்டி சாயாதான்னு கேட்டேன். நாலு கல்துண்டை ரசமட்டம் பார்த்துப் பதிச்சு, அதுமேல தொட்டியை உக்கார வச்சார். தொட்டி ஓட்டையும் அடைபடலை, அடியில காத்தும் போகுது.

2009 நவம்பர்ல இதே நீலகிரியில இருக்கற கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் கொட்டின மலை இது. போன ஐப்பசி மழையில பீடத்துச் சுவர்ல ஓதம் ஏறலை. நான் பார்த்தது அதைத்தான்.

முதலாளி விஷயம் வேற. வண்டி வாடகையும் இறக்குகூலியும் தனின்னு ஸ்லாப் வந்து இறங்கின பிறகு சொல்றார். கலவை குழைச்ச இடத்தைக் கழுவாமலே ஆளுங்க போயிட்டாங்க, அங்க இன்னும் புல் முளைக்கலை. கூடவே ஒரு சிமெண்ட் தொட்டியையும் தலையில கட்டப் பார்த்தார். புதுச் சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு மண்ணுல இறங்கும். நம்ம புளிப்பு மண்ணுல நீலமாப் பூக்கற ஹைட்ரேஞ்சியா அதுல ரோஸ் ஆயிரும். எனக்கு நீலம்தான் வேணும்.

மார்கழி, தையில கட்டாதீங்க. குளிர்ல சிமெண்ட் மெதுவாத்தான் இறுகும். ஏழு நாள் சாக்கு சுத்தி நனைக்கறதைப் பத்து நாளாக்கச் சொன்னார் கொத்தனார், அதுவரைக்கும் தொட்டியை ஏத்த விடலை. ஆர்டர் கொடுக்கறப்பவே அவரைத்தான் அனுப்பணும்னு கேளுங்க. இறக்குகூலி யார் கணக்குன்னு பில்லுல எழுதி வாங்கிக்குங்க.