பாங்காக்கில் "அரண்மனை இன்னைக்கு மூடல்" என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடங்கள்

அரையாண்டு லீவுக்குப் பாங்காக் போக எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பங்கள் டிக்கெட் போட்டிருக்கின்றன. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நாங்கள் குடும்பமாகப் பாங்காக் போனபோது எங்கள் அக்கா வீட்டுக்காரர் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு மஞ்சள் கல் வாங்கிவந்த கதை. மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்ராத மாப்ளே" என்றார். போடவில்லை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பாதி மோசடி அந்த இடத்தின் அமைப்பை வைத்துத்தான் நடக்கிறது. தலைப்பில் சொன்ன அரண்மனை, அதாவது கிராண்ட் பேலஸ், 1782-ல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது கட்ட ஆரம்பித்தது. சுற்றிலும் வெள்ளை மதில், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுற்றளவு. நம்மைப் போன்றவர்கள் உள்ளே போகும் வாசல் வடக்குப் பக்கம், நா ப்ரா லான் சாலையில். ஆனால் 2019-ல் சனம் சாய் மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு நிறையப் பேர் வந்து இறங்குவது தெற்கே. அங்கிருந்து மதிலை இடது கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். வழியில் வாசல்கள் வரும். எல்லாம் சாத்தியே இருக்கும், அவை நமக்கான வாசல்களே இல்லை. அந்தச் சாத்திய கதவுகளுக்குப் பக்கத்தில்தான் ஆள் நிற்கிறான்.

எங்களிடம் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, கையில் மடக்குக் குடை. "இந்தியாவா? சென்னையா? நல்ல ஊர்" என்று ஆரம்பித்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அரண்மனை என்றதும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கதவைக் காட்டினார். காலையில் புத்த பிக்குகளின் பூஜை நடக்கிறது, வெளிநாட்டவர்களை மத்தியானம் ஒன்றரைக்கு மேல்தான் விடுவார்கள் என்றார். பற்றாததற்கு என் பையன் போட்டிருந்த அரை டிரவுசரைப் பார்த்து, இதோடு உள்ளே விடமாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த இரண்டாவது விஷயம் மட்டும் உண்மை. முட்டி தெரிகிற உடைக்கும் கையில்லாத சட்டைக்கும் அங்கே அனுமதி கிடையாது. ஒரு உண்மையைக் கூடவே சொன்னால் பக்கத்திலிருக்கும் பொய்யும் எடுபட்டுவிடும், அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது.

பிறகு எங்கள் மேப்பை வாங்கி, பேனாவால் மூன்று இடங்களை வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணிக்குள் இதையெல்லாம் பார்த்துவிடலாம், இன்றைக்கு அரசாங்கமே துக்துக்குக்கு (அந்த ஊர் ஆட்டோ) பெட்ரோல் கொடுக்கிறது, வண்டிக்கு நாற்பது பாட்தான் (பாட் என்பது அந்த ஊர்ப் பணம்), போக வர எல்லாம் சேர்த்து. பேசி முடிப்பதற்குள் இரண்டு துக்துக்குகள் ஓரமாக வந்து நின்றன.

பாங்காக்கில் நாலு தெரு தள்ளிப் போகவே துக்துக்காரர் நூறு பாட் கேட்பார். அரை நாள் சுற்ற நாற்பது பாட் என்றால் மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுப்பது நகைக் கடையும் தையல் கடையும். ஆளைக் கொண்டுவந்து உள்ளே விட்டால் டிரைவருக்குப் பெட்ரோல் கூப்பன், வாங்கினால் அதற்கு மேல் கமிஷன்.

முதலில் கொண்டுபோனது வாட் இந்தாரவிஹான் என்ற கோயில். 32 மீட்டர் உயரத்தில் நின்ற கோலப் புத்தர், உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். கோயிலுக்கும் இந்தக் கூத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நிழலில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருந்தார். தானாக வந்து பேசவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். மாமாதான் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். எடுத்துக் கொடுத்தார். பேச்சு வளர்ந்தது. பள்ளிக்கூட ஆசிரியராம், தங்கைக்குக் கல்யாணமாம், அதற்கு இப்போதுதான் கல் வாங்கினாராம். ரத்தினக் கல் ஏற்றுமதியைப் பெருக்க அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு வாரம் வரி இல்லாமல் விற்கிறதாம், இன்றோடு கடைசியாம். மேப்பை எடுத்துப் பார்த்தால், காலையில் போட்ட மூன்று வட்டத்தில் ஒன்று அந்தக் கடை.

இரண்டு முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே கடையைச் சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. மாமாவுக்கோ அதுவே சாட்சியாகிவிட்டது. அதோடு அவருக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. ஊரில் ஜோசியர் குரு திசைக்குக் கனக புஷ்பராகம் போடச் சொல்லி ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு ஜன்னலே கிடையாது. கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் ஐஸ் தண்ணீர். விற்கிற பெண் "இந்தியா" என்ற வார்த்தையைக் கேட்டதும் தட்டை மாற்றினாள். சிவப்புக் கல் தட்டு உள்ளே போனது, நீலமும் மஞ்சளும் வெளியே வந்தது. "நீலம், ஷனி. புக்ராஜ், குரு" என்றாள் தெளிவாக. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. 60,000 பாட்டில் ஆரம்பித்து 42,000-க்கு வந்தது. கார்டு தேய்க்கும்போது மெஷின் பாட்டா ரூபாயா என்று கேட்டிருக்கிறது, அவர்களே ரூபாயை அமுக்கிவிட்டார்கள். அவர்கள் போட்ட மாற்று விலையில் அங்கேயே ஒரு தொகை போனது. எந்த நாட்டிலும் இதைக் கவனியுங்கள்: மெஷின் கேட்டால் அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். கல்லோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அடித்துக் கொடுத்தது அதே கடை.

பார்சலை ஊருக்கே தபாலில் அனுப்பிவிடுகிறோம் என்று ரொம்ப வற்புறுத்தினார்கள். வாங்கியவர் அங்கேயே வேறு யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் இது. மாமா கேட்கவில்லை, சட்டைப் பையில் போட்டுப் பின் குத்திக்கொண்டார்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் 7 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி (VAT). சுற்றுலாப் பயணிக்கு அதைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு வருஷம் பூராவும் இருக்கிறது. அதில் சேர்ந்த கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கி, படிவம் வாங்கிக்கொண்டு, விமான நிலையத்தில் காட்டினால் போதும். "இன்றைக்கு மட்டும்" என்று ஒரு நாள் கிடையவே கிடையாது.

மறுநாள் காலை எட்டரைக்கு நா ப்ரா லான் வாசலுக்கே நேராகப் போனோம். நேற்று பூஜைக்காக மூடியிருந்ததா என்று டிக்கெட் கவுண்டரில் என் மனைவி கேட்டாள். அந்தப் பெண் பதிலே சொல்லாமல் ஒரு பலகையைக் கைகாட்டினாள். தினமும் திறந்திருக்கும், வெளியாட்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பலகை இருப்பது வாசலில், ஏமாற்றுகிறவன் நிற்பது அரை கிலோமீட்டர் முன்னால்.

உள்ளே போவதற்கு 500 பாட். அந்தக் காசுக்குக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மரகத புத்தர் என்கிறார்களே, அது மரகதமே இல்லை, ஒரே பச்சைக் கல்லில் செய்த, 66 சென்டிமீட்டர்தான் உயரமுள்ள சிலை. வருஷத்தில் மூன்று முறை பருவம் மாறும்போது ராஜாவே உடை மாற்றுகிறார். அதைவிட எனக்குப் பிடித்தது சுற்றுப் பிராகாரத்துச் சுவரோவியங்கள். மொத்தம் 178 கட்டங்களில் ராமாயணம். நம் ஊர் அனுமார் பிரம்மச்சாரி, அங்கே அவர் பெரிய மன்மதன். அக்கா ஒவ்வொரு கட்டமாக நின்று "இதென்னடா அநியாயம்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குச் சயனப் புத்தர், பாதத்தில் முத்துச்சிப்பி இழைத்த வேலைப்பாடு. அங்கிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்குப் படகில் சில்லறைக் காசில் போகலாம். 2018-ல் இரண்டு கோடிக்கும் மேல் வெளிநாட்டவர் வந்துபோன ஊர் என்றால் சும்மா வரவில்லை. பறக்கும் ரயில், தெருவோரச் சாப்பாடு, ஆற்றுப் படகு, இதெல்லாம் சொன்னதற்கு மேலேயே இருக்கிறது. சொன்னபடி இல்லாதது மிதக்கும் சந்தை. தாம்னன் சதுவாக் என்ற அந்தச் சந்தை நூறு கிலோமீட்டர் தள்ளி. டாக்சிக்காரர் சந்தைக்கு வெகு முன்னாலேயே ஒரு படகுத்துறையில் இறக்கிவிட்டார், அங்கே படகுக்குக் கேட்ட பணத்தில் ஊரில் ஒரு வாரம் காய்கறி வாங்கலாம். தண்ணீரில் மிதந்ததில் பாதி யானைப் பொம்மை.

கல் விஷயம் வெளியே வந்தது பாங்காக்கின் சிலோம் பகுதியில். அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் போன தமிழர்கள் கட்டியது. வாசலில் நம் ஊர்க் கோபுரம், வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலும் தாய்க்காரர்கள். பிரகாரத்தில் ஒரு பெரியவர், ரொம்ப காலமாக அங்கேயே இருப்பவர், தமிழ் காதில் விழுந்ததும் பேச வந்தார். எங்கெல்லாம் போனீங்க என்று கேட்டவர், நின்ற புத்தர் கோயில் என்றதும் நிறுத்தினார்.

"துக்துக்ல போனீங்களா?"

"ஆமாங்கய்யா."

"கல்லு வாங்கினீங்களா, கோட்டு தச்சீங்களா?"

மாமா முகம் செத்துவிட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. அவர் வந்த காலத்திலிருந்தே இது நடக்கிறது என்றார். கல் முழுப் போலியாக இருக்காது, விலைதான் பல மடங்கு, அதனால் போலீஸும் மோசடி என்று சட்டென்று பிடிக்க முடியாது. உடனே 1155-க்கு அடியுங்கள், டூரிஸ்ட் போலீஸ், ஆங்கிலம் பேசுவார்கள், ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் பில்லோடு போனால் கடைக்காரனிடம் பேசிப் பெரும்பகுதியை வாங்கிக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது என்றார். மாமா கேட்கவில்லை. வெளியே வந்ததும், "கல்லு நல்ல கல்லுதான் மாப்ளே, விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், விடு" என்றார். அக்கா இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுநாள் பிளைட்.

சென்னையில் கல் சோதிக்கும் லேபில் கொடுத்தோம். அங்கிருந்தவர் கல்லை ஒரு திரவத்தில் முக்கி லென்ஸில் எங்களுக்கும் காட்டினார். ஓரமெல்லாம் அடர் மஞ்சள், நடுவில் வெளிறிப்போய்க் கிடந்தது. வெளிர் கல்லைப் பெரிலியத்தோடு சேர்த்துக் கடும் சூட்டில் வைத்தால் நிறம் வெளியிலிருந்து உள்ளே இறங்குமாம். 2000-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சந்தபுரியிலிருந்து சந்தைக்கு வந்த வேலை. ரத்தினம்தான், நிறம்தான் அடுப்பில் வந்தது. பத்தாயிரத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஜோசியரிடம் கொண்டுபோனால், சூடு காட்டிய கல்லைக் குரு ஏற்கமாட்டார் என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

கார்டு கொடுத்த பேங்கில் புகார் போட்டோம். பில்லில் "சூடுபடுத்திய கல்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது, கீழே மாமாவின் கையெழுத்து. பொருளைப் பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள், விவரமும் எழுதியிருக்கிறது என்று மூன்று வாரம் கழித்து மறுத்து மெயில் வந்தது. 1,10,000 ரூபாயும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் போனது போனதுதான்.

போகிறவர்களுக்கு. அரண்மனை டிக்கெட் காலை 8:30 முதல் 3:30 வரை. அரச குடும்ப நிகழ்ச்சிக்காக எப்போதாவது மூடுவார்கள், அதை அரண்மனையின் இணையதளத்திலேயே போடுவார்கள். வடக்கு வாசலுக்குப் போய் உங்கள் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னாலும் திரும்பாதீர்கள். ஆம்பளைகளுக்கும் முழு பேன்ட். மெட்ரோவில் வந்தால் மதில் ஓரமாக நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், ஆற்றுப் படகில் தா சாங் துறையில் இறங்கினால் வாசல் கிட்டக்கேயே. விமான நிலையத்தில் சுவர்ணபூமி என்றால் கீழ்த்தளத்தில் மெஷின் கொடுக்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்சி நம்பர் அதில் இருக்கும். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம் உண்டு, அது ஏமாற்று இல்லை. கல் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வெளி லேபின் சான்றிதழ் இல்லாமல் கார்டை எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு இதைப் படிக்கிறீர்கள், இன்னும் பாங்காக்கில்தான் இருக்கிறீர்கள் என்றால், பில்லையும் கல்லையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே 1155-ஐக் கூப்பிடுங்கள். கூட இருப்பவர் "விடு, போகட்டும்" என்பார். அவரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.