ட்விக்கன்ஹாமின் பிற்பாதி: 2023 மகளிர் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பித் தொடர் – ஒரு மதிப்பீடு

2023ஆம் ஆண்டின் மகளிர் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பித் தொடர் மார்ச் 25 முதல் ஏப்ரல் 29 வரை நடந்தது. இங்கிலாந்து, பிரான்ஸ், வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி ஆகிய ஆறு அணிகளும் ஒன்றையொன்று ஒரு முறை சந்திக்க, ஐந்து சுற்றுகளில் பதினைந்து ஆட்டங்கள் நிறைவேறின. இங்கிலாந்து ஐந்திலும் வென்று கிராண்ட் ஸ்லாம் பெற்றது; தொடர்ச்சியாக ஐந்தாம் முறை பட்டத்தையும் வென்றது. யார் வெல்லப்போகிறார்கள் என்ற கேள்விக்காக மட்டுமே ஒரு தொடரைப் பார்ப்பவருக்கு இதில் அதிகம் கிடைத்திருக்காது. எல்லா ஆட்டங்களையும் ஒரு பார்வையாளனாகத் திரையில் பார்த்து முடித்த எனக்கும் முதல் மூன்று வாரங்களில் அந்தச் சலிப்பு பலமுறை தட்டியது. ஆயினும் பார்த்த நேரம் வீண் என்று எண்ண முடியவில்லை. அதற்கான காரணங்கள் பட்டியலின் உச்சியில் இருப்பதைவிட அதன் நடுவிலும் அடியிலும், பிறகு கடைசி நாளின் நாற்பது நிமிடங்களிலும் இருக்கின்றன.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆட்டங்களில் ஆறு ஆட்டங்களின் வெற்றி வித்தியாசம் 48 புள்ளிகளோ அதற்கு மேலோ இருந்தது. பத்துப் புள்ளிகளுக்குள் முடிந்தவை மூன்றே மூன்று. ரக்பியில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தும் ‘ட்ரை’க்கு ஐந்து புள்ளிகளும், அதையடுத்து உதைக்கும் கன்வர்ஷனுக்கு இரண்டும் கிடைக்கும் என்பதைக் கணக்கில் கொண்டால், 48 புள்ளி இடைவெளியின் பொருள் எளிதில் விளங்கும். இங்கிலாந்து ஸ்காட்லாந்தை 58–7 என்றும், இத்தாலியை 68–5 என்றும், வேல்ஸை 59–3 என்றும், அயர்லாந்தை 48–0 என்றும் வென்றது. பிரான்ஸும் தன் பங்குக்கு அயர்லாந்துக்கு எதிராக 53–3, ஸ்காட்லாந்துக்கு எதிராக 55–0 என்று அடித்து நொறுக்கியது. இவ்வகை ஆட்டங்களில் இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு வீட்டுவேலையைக் கவனித்தாலும் எதையும் இழக்கமாட்டோம்.

இந்த இடைவெளி பணத்தாலும் பயிற்சி நேரத்தாலும் உண்டானது. இங்கிலாந்து 2019ஆம் ஆண்டிலேயே தன் வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் வழங்கிவிட்டது. பிரான்ஸ் 2018இல் பகுதிநேர ஒப்பந்த முறையைத் தொடங்கியது. மற்ற நாடுகள் இவற்றுக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியே அந்தப் பாதைக்கு வந்தன. காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி என்று வாழ்ந்தவர்கள், ஆண்டு முழுவதும் எடைதூக்கி, ஓடி, உறங்கி, ஆட்டத்தை அலசி வாழ்பவர்களோடு மோதும்போது எழுபதாவது நிமிடத்தில் கால்கள் கனப்பது இயல்பு. பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறியும் லைன்அவுட்டில் அதைப் பிடித்து, முன்வரிசையினர் ஒரே கட்டாக இணைந்து எதிரணியைத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடக்கும் இங்கிலாந்தின் வழக்கமான உத்தியை யாரும் அறியாமல் இல்லை; அறிந்தும் தடுக்க முடியவில்லை. எமிலி ஸ்காரட், ஸோயி ஹாரிசன் போன்றோர் காயத்தால் ஆடாத நிலையிலும் அந்த அணி இப்படி ஆடியது என்பது மற்றவர்களுக்குக் கூடுதல் கவலை.

இந்தப் பின்னணியில் வேல்ஸின் கதைதான் எனக்குத் தொடரின் மிகச் சுவையான பகுதியாகப் பட்டது. 2021ஆம் ஆண்டில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் அயர்லாந்திடம் 0–45 என்று தோற்று, கடைசி இடத்தில் முடித்த அணி அது. 2022 ஜனவரியில் பன்னிரண்டு வீராங்கனைகளுக்கு முதன்முறையாக முழுநேர ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2023இன் முதல் நாளில், அதே மைதானத்தில், அதே அயர்லாந்தை வேல்ஸ் 31–5 என்று வென்றது. பிறகு எடின்பரோவில் ஸ்காட்லாந்தையும் பார்மாவில் இத்தாலியையும் வென்று மூன்றாம் இடத்தைப் பிடித்ததுடன், அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கவிருந்த டபிள்யூஎக்ஸ்வி என்ற சர்வதேச மகளிர் ரக்பிப் போட்டியின் முதல் பிரிவுக்கும் தகுதி பெற்றது. இங்கிலாந்தை எதிர்கொண்ட நாளில் கார்டிஃபுக்கு 8,862 பேர் வந்திருந்தார்கள். வேல்ஸ் மகளிர் அணியின் உள்ளூர் ஆட்டமொன்றுக்கு அதுவரை அத்தனை கூட்டம் வந்ததில்லை. அன்று மூன்றே புள்ளிகள்தாம் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். சிசிலியா டுய்புலோட்டு என்ற இளம் முன்வரிசை வீராங்கனை பந்தை ஏந்திக்கொண்டு ஓடிவரும்போது இரண்டு பேர் சேர்ந்து தடுத்தாலும் மூன்றாமவர் தேவைப்படுவதைப் பார்ப்பதற்காகவே வேல்ஸின் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 25 புள்ளிகள் எடுத்து, 192 புள்ளிகள் கொடுத்து, வெற்றியே இல்லாமல் கடைசி இடத்துக்குரிய ‘மரக்கரண்டி’யைப் பெற்றது. தேர்ந்த வீராங்கனைகள் பலர் ஒலிம்பிக் தகுதிக்காக எழுவர் ரக்பி அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த அணி பின்னர் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதியும் பெற்றது. ஒரு கையில் வாங்கியதை மறு கையால் கொடுத்ததுபோல் ஆனது பதினைவர் அணியின் கதி. தொடர் முடிந்தபின் பயிற்சியாளர் கிரெக் மக்வில்லியம்ஸ் பதவி விலகினார். ஆனால் ஆடுகளத்துக்கு வெளியே ஒரு நல்ல முடிவை எடுத்த அணியும் அதுவே. மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் கால்சட்டையுடன் ஆடுவது வீராங்கனைகளுக்கு மனக்கவலை தருகிறது என்பதை ஏற்று, இத்தொடரிலிருந்து கருநீலக் கால்சட்டைக்கு நிரந்தரமாக மாறியது. இத்தனை காலம் இதை யாரும் யோசிக்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்காட்லாந்து தொடர்ந்து பன்னிரண்டு தோல்விகளுக்குப் பிறகு நான்காம் சுற்றில் இத்தாலியை 29–21 என்று வென்று மூச்சுவிட்டது. கடைசி நாளில் அயர்லாந்தை 36–10 என்று வீழ்த்தியது. இத்தாலி தொடக்க ஆட்டத்தில் பிரான்ஸை 22–12 வரை நெருக்கிப் பிடித்து நம்பிக்கை ஊட்டிவிட்டு, பிறகு அயர்லாந்தை மட்டுமே வெல்ல முடிந்தது ஏமாற்றம்தான்.

ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றிரண்டு உண்டு. ஆடவர் தொடரின் நிழலில், அதே வாரங்களில் நடந்துவந்த போட்டியைப் பிரித்து வசந்த காலத்துக்குக் கொண்டுவந்தது இத்தொடருக்கு நேர்ந்த மிகச் சிறந்த மாற்றம். பார்வையாளருக்கும் செய்தித்தாளுக்கும் வேறு கவனச்சிதறல் இல்லை. ஆனால் இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே ஏறக்குறைய இரு வாரம் விட்டது ஆர்வத்தை ஆறவைத்தது. ஐந்து ஆட்டங்கள் மட்டுமே உள்ளதால் ஒவ்வோர் ஆண்டும் சில அணிகளுக்குச் சொந்த மண்ணில் மூன்று, சிலவற்றுக்கு இரண்டு என்று அமைவது தவிர்க்க முடியாதது. இம்முறை அந்தச் சலுகை இங்கிலாந்துக்கு வாய்த்தது, அதிலும் பிரான்ஸுடனான ஆட்டம் சொந்த மைதானத்தில். பட்டத்தைத் தீர்மானிக்கும் அந்த ஆட்டத்தைக் கடைசி நாளில் வைத்தது மட்டும் அட்டவணையிட்டவர்களின் சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

நியூகாசிலில் நடந்த இங்கிலாந்தின் முதல் ஆட்டம் சாரா ஹன்ட்டரின் விடைபெறலாக அமைந்தது. 141 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர், தன் சொந்த ஊர்ப்பகுதி மக்கள் முன்னிலையில் ஓய்வு பெற்றார். அதே நாளில் மூன்று ட்ரைகள் போட்ட மார்லி பாக்கர் கடைசி நாளில் அணித்தலைவியாக லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் நின்றார். அங்கே கூடியவர்கள் 58,498 பேர். மகளிர் ரக்பி ஆட்டமொன்றுக்கு உலகில் அதுவரை கூடிய மிகப் பெரிய கூட்டம் அதுதான். 2022 நவம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், இங்கிலாந்து நியூசிலாந்திடம் 31–34 என்று தோற்ற உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்த 42,579 பேரை அது தாண்டியது. ஆடவர் ஆட்டத்துக்கு ஒட்டாக அல்லாமல் இங்கிலாந்து மகளிர் அணி அங்கே தனியாக ஆடிய முதல் ஆட்டமும் அதுவே.

இடைவேளையில் இங்கிலாந்து 33–0 என்று முன்னிலையில் இருந்தது. சுகாபேப்ஸ் குழுவின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிட்டது. பிற்பாதியில் நடந்தது வேறு. ஐந்து ட்ரைகளுடன் பிரான்ஸ் எடுத்த புள்ளிகளும் அதே 33. இங்கிலாந்தால் சேர்க்க முடிந்தது ஐந்து மட்டுமே. 38–33. முற்பாதியில் தாமதமாகத் தடுத்து, அவசரமாகக் கொடுத்து, பந்தை நழுவவிட்ட அதே அணி, தொடரின் சிறந்த வீராங்கனையாகப் பின்னர் தேர்வான கேப்ரியல் வெர்னியே முன்னிற்க, தன் எல்லையிலிருந்தே பந்தைக் கையில் ஏந்தி ஓடத் தொடங்கியது. முற்பாதியில் இருந்த தயக்கம் பதற்றத்தால் வந்ததா, தவறான திட்டத்தால் வந்ததா என்று என்னால் தீர்மானிக்க இயலவில்லை. பதற்றம் என்றே என் ஊகம். 2015 முதல் இங்கிலாந்தைப் பயிற்றுவித்த சைமன் மிடில்டனுக்கு அது கடைசி ஆட்டம். அவ்வளவு நெருக்கடியான விடைபெறலை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தொடரின் பதிவுகளைப் பார்க்க விரும்புவோருக்கு என் பரிந்துரை: பார்மாவின் இத்தாலி–பிரான்ஸ், கார்டிஃபின் வேல்ஸ்–அயர்லாந்து, எடின்பரோவின் ஸ்காட்லாந்து–இத்தாலி, பிறகு ட்விக்கன்ஹாம். ஒன்றுக்கு மட்டுமே நேரமிருந்தால் ட்விக்கன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிற்பாதியிலிருந்து தொடங்காதீர்கள். அந்த 33–0 கண்முன்னே ஏறுவதைப் பார்த்திருந்தால்தான், ஆட்டம் முடிந்து ஊதல் ஒலித்தபோது, ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்த பிரான்ஸின் ஜெஸி ட்ரெமூலியேவுக்கும் அவருடைய தோழியருக்கும் இன்னும் ஐந்து நிமிடங்கள் கொடுத்திருக்கலாகாதா என்ற ஏக்கம் உங்களுக்கும் வரும்.