சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளுக்கு ஹோஸ்பிஸ் சேவை: எதை நம்பலாம், எதை முதலில் கேட்க வேண்டும்

"இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டால், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக் குடும்பங்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஈப்போ பக்கமிருந்து காரில் வந்து போகும் தொண்டு ஹோஸ்பிஸ் குழு (இனிக் குணப்படுத்த முடியாதவரின் வலியைக் குறைத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்பவர்கள்), அரசாங்க கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும் தாதிகள், மாதக் கட்டணம் வாங்கிப் படுக்கை தரும் தனியார் பராமரிப்பு இல்லம். மூன்றையும் நாங்கள் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம்: இரவு இரண்டு மணிக்கு வலி ஏறினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? பகலில் எல்லாச் சேவையும் நன்றாகவே தெரியும்.

மலேசியாவுக்கு இது புதிய சேவை அல்ல. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற தொண்டு அமைப்பு 1991இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிப் போய்க் கட்டணம் வாங்காமல் பார்க்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் முதல் நோய்த் தணிப்புப் பிரிவு, அதாவது வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்க்கும் பிரிவு, 1995இல் கோத்தா கினபாலுவின் குயின் எலிசபெத் மருத்துவமனையில் வந்தது. 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கை ஒன்றையும் சுகாதார அமைச்சு வெளியிட்டிருக்கிறது. ஆனால் தொண்டுக் குழுக்கள் நகரத்தில் இருந்துகொண்டு, இத்தனை கிலோமீட்டர் வரைதான் என்று எல்லை வைத்திருப்பவை. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் டவுன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து செம்பனைக்குள் மண்பாதையில் போகும் தூரம் தனிக் கணக்கு. ஆகவே பெயர் பதியும்போது டவுன் பெயரோடு நிறுத்தாதீர்கள். தோட்டம், டிவிஷன், எந்த லயம் என்பதுவரை சொல்லி, "அங்கே வருவீர்களா, வாரத்துக்கு எத்தனை தடவை, தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறையில் யார் வருவார்கள்?" என்று கேளுங்கள். லயத்து வீடுகளைத் தேடுவது வெளியூர்க்காரருக்குக் கஷ்டம். கைப்பேசியில் இடத்தைக் குறித்து அனுப்பிவிட்டு, தோட்டத்து கேட்டில் இருக்கும் ஜாகாவிடம் தாதியின் கார் எண்ணையும் கொடுத்து வையுங்கள். இரவில் வந்த தாதி கேட்டிலேயே அரை மணி நேரம் நின்றால், அந்த அரை மணி நேரமும் நோயாளியின் வலிதான்.

இரவு எண் என்று தாளில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சேர்வதற்கு முன் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்துப் பாருங்கள். எடுப்பவர் தாதியா, பதிவுக்குரலா, வெறும் செய்தி வாங்குபவரா? தாதி என்றால் நோயாளியின் கோப்பு அவர் கையில் இருக்குமா? நல்ல சேவை என்றால் இரவில் எல்லா வீட்டுக்கும் ஓடி வரவேண்டும் என்றில்லை, 30 கிலோமீட்டரில் அது எப்போதும் நடக்கவும் நடக்காது. தேவையான மருந்து முன்கூட்டியே வீட்டில் இருக்க, போனில் "இதை இவ்வளவு கொடுங்கள், அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அழையுங்கள்" என்று சொல்லக்கூடிய ஆள் மறுமுனையில் இருந்தால் பாதி இரவுகள் ஆம்புலன்ஸ் இல்லாமலே கடந்துபோகும்.

மருந்து விஷயத்தில்தான் நல்ல குழுவும் சுமாரான குழுவும் பளிச்சென்று பிரிந்து தெரியும். கடும் வலிக்குக் கொடுக்கும் திரவ மோர்ஃபின் நம் அரசாங்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் 5 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற அடர்த்தியில் வரும். வேறு அடர்த்தியும் உண்டு என்பதால் லேபிளை ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும். அதன் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது, வலி வரட்டும் என்று காத்திருந்தால் பிடிக்க முடியாது. இடையில் குத்தி எழும் வலிக்கு வழக்கமாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எழுதித் தருவார்கள். டாக்டர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் எழுதியிருந்தால் நாளுக்கு 30 ஆகிறது. இடைவலிக்கு இன்னொரு 5, அந்த பாட்டிலில் 2.5 மில்லிலிட்டர். இந்த இடைவலி அளவை எழுதித் தராத சேவைக்கு மற்ற எதில் நல்ல பெயர் இருந்தாலும் நாங்கள் தேர்ச்சி கொடுக்க மாட்டோம். ஒரே நாளில் மூன்று நான்கு தடவை இடைவலி மருந்து தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். அன்றே அழைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி கூடாது, ஊசி இல்லாத சிரிஞ்ச்தான். நல்ல தாதி சிரிஞ்சில் 2.5 கோட்டின்மேல் நிறப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, மருந்து கொடுக்கப்போகும் மருமகளையோ பேரனையோ தன் கண்ணெதிரே ஒரு தடவை உறிஞ்சிக் காட்டச் சொல்வார். மலமிளக்கி முதல் நாளிலிருந்தே சேர்ந்து வரவேண்டும். மோர்ஃபின் தரும் தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் குறையும், குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும், மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. ஐந்து நாள் மலம் போகாமல் வயிறு உப்பி, அதையே புற்றுநோய் வலி என்று நினைத்து மோர்ஃபினைக் கூட்டுவது வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. "மோர்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்ற பயமும் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அளவறிந்து கொடுக்கும் மோர்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. குடும்பத்தை உட்காரவைத்து இதைப் பொறுமையாக விளக்காத குழு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனால், அது சாமி மேடைக்குப் பின்னால் திறக்கப்படாமலே இருக்கும்.

நம் வீடுகளில் இனிப்பு நீரும் சிறுநீரகக் கோளாறும் அதிகம் என்பதால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: "சிறுநீரகம் கெட்டவருக்கு என்ன வலி மருந்து தருவீர்கள்?" சிறுநீரகம் வேலை செய்யாதபோது மோர்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கி, கை கால் வெட்டி இழுக்கும், பேச்சு குழறும், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாது. அத்தகையவருக்கு அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவார்கள், அல்லது ஃபென்டனில் போன்ற மாற்றுக்குப் போவார்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் மருத்துவப் பொறுப்பில் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று நம்பலாம். டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தவரை ஏற்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புற்றுநோய்க்காரர்களை மட்டும் எடுக்கும் குழுக்களும் உண்டு.

முதல் வருகை ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். தாதி வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்க வேண்டும். எண்ணில் சொல்லத் தெரியாத பாட்டியிடம் எரிகிறதா, ஊசி குத்துகிறதா, முறுக்கிப் பிடிக்கிறதா என்று தமிழில் கேட்க வேண்டும். எரிச்சலும் மின்சாரம் அடிப்பது போன்ற வலியும் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மோர்ஃபின் மட்டும் போதாது. பன்னிரண்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைத்துக் காரியத்தை முடிக்கும் குழுவை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாட்டி பேத்தியிடம் உள்ளதைச் சொல்ல மாட்டார், குழந்தையும் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடும். அடுத்து வாயைத் திறந்து வெள்ளை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து வால் எலும்பு மேட்டையும் இரு குதிகால்களையும் பார்க்க வேண்டும். மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, இனித் தேவையில்லாத மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

காற்று மெத்தை, கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் இவற்றைத் தொண்டுக் குழுக்கள் பெரும்பாலும் கடனாகவே தருகின்றன. காற்று மெத்தை வந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. அழுத்தக் குமிழை நோயாளியின் எடைக்கு வைத்துவிட்டு, இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. லயத்தில் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஐஸ்பெட்டி, ரைஸ்குக்கர் எல்லாம் தொங்கும்போது அதையும் செருகாதீர்கள், நேராகச் சுவரில் போடுங்கள். மின்சாரம் போனால் கைகொடுக்கச் சிலிண்டர் ஒன்று உண்டா என்றும் கேளுங்கள். சாமி விளக்கு, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் மூன்றும் ஆக்சிஜன் குழாயிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மூக்கு வறண்டால் வாசலின் தடவக் கூடாது. இதையெல்லாம் கேட்காமலேயே சொல்லும் தாதி வீட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர். ஆக்சிஜன் அளவு குறையாத மூச்சுத்திணறலுக்கு முகத்துக்கு நேராக ஒரு சின்ன விசிறியே நல்ல ஆறுதல் தரும். அதை முயன்று பார்க்காமல் இயந்திரத்தை இறக்கும் சேவை அவசரப்படுகிறது.

விழுங்க முடியாத நிலை வந்ததும் தூரம் பெரிய பிரச்சினை ஆகிவிடும். தோலுக்கடியில் 24 மணி நேரம் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவரைத் தினமும் யாராவது வந்து நிரப்ப வேண்டும். ஈப்போவிலிருந்து தினமும் வர முடியாது என்றால், தோலில் சிறு ஊசியை நிலையாக ஒட்டிவிட்டு, நிரப்பி லேபிள் ஒட்டிய சிரிஞ்சுகளைக் குடும்பத்தினரே செலுத்தக் கற்றுக்கொடுப்பது நடைமுறையில் உள்ள வழி. இரண்டில் ஒன்றுக்கும் ஏற்பாடு இல்லாத குழு கடைசி வாரத்தில் உங்களை அவசரப் பிரிவுக்கே திருப்பி அனுப்பும்.

அரசாங்க கிளினிக் தாதிகளின் பலம் வேறு. புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, உணவு செலுத்தும் மூக்குக் குழாய் மாற்றுவது எல்லாம் கைவந்த வேலை. ஊரிலேயே இருப்பவர்கள், தோட்டத்துப் பாதை தெரிந்தவர்கள். ஆனால் அலுவலக நேரத்தோடு வேலை முடிகிறது, கடும் வலிக்கான மருந்து முடிவுகள் மருத்துவமனையிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் பரிந்துரை இரண்டிலும் பெயர் பதிவது: வலிக்குத் தொண்டுக் குழு, புண்ணுக்கும் குழாய்க்கும் கிளினிக். ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருவரும் எழுதட்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவித்தொகை உண்டு; பாரத்தில் டாக்டர் கையொப்பம் வாங்கித் தருகிறார்களா என்றும் பாருங்கள்.

தனியார் பராமரிப்பு இல்லத்தை, வீட்டில் பார்க்க ஒருவரும் இல்லாதபோது மட்டுமே சொல்வோம். பலகையில் ஹோஸ்பிஸ் என்று எழுதியிருந்தாலும் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தைப் படியுங்கள். தனியார் ஹோஸ்பிஸ் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 586இன்கீழ், சுகாதார அமைச்சிடம் உரிமம் பெற வேண்டும். சமூக நல இலாகாவில் சட்டம் 506இன்கீழ் பதிந்தது பராமரிப்பு மையம் மட்டுமே, அங்கே மருத்துவப் பொறுப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். புரட்டிப் படுக்கவைக்கும் அட்டவணையில் மாலை ஆறு மணிக் கட்டத்திலும் இப்போதே கையொப்பம் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். எல்லாப் படுக்கையிலும் மூக்குக் குழாய் தொங்கினால் ஊட்டிவிட ஆள் இல்லையோ என்று கேளுங்கள். கையைக் கட்டிலோடு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மாதக் கட்டணத்தில் பெம்பஸ், பால்மாவு, புண் மருந்து சேருமா, தனியா என்பதையும் தாளில் வாங்குங்கள். சொன்ன தொகைக்குமேல் பில் ஏறுவது இங்கேதான்.

கடைசி மணி நேரங்களுக்கு என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? தொண்டையில் கரகரப்புக் கேட்டால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், திரும்பத் திரும்பக் குழாய் விட்டு உறிஞ்சினால் நோயாளிக்குத்தான் வேதனை. உறவினர் கூடிப் பால் ஊற்றும் வழக்கத்தை நல்ல தாதி தடுப்பதில்லை. விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்ப் புரையேறும் என்று சொல்லி, பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைக்கக் காட்டித் தருவார். எல்லாரும் வரிசையாகச் செய்யலாம். பதறி 999ஐ அழைத்தால் வந்தவர்கள் நெஞ்சை அமுக்கத் தொடங்கக்கூடும். அதனால் முதலில் யாரை அழைப்பது, நள்ளிரவில் இறப்பை உறுதிசெய்ய வருவது யார், அடக்கத்துக்கான அனுமதிக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டு வையுங்கள். அடையாள அட்டை நகலும் மருத்துவமனைச் சுருக்கமும் ஒரே உறையில் இருக்கட்டும்.

நல்ல குழு பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கட்டிலைக் கேட்டு அவசரப்படுத்தாது. ஆனால் மீதி மோர்ஃபினை உடனே எண்ணி, எழுதி, திரும்ப வாங்கிக்கொள்ளும். அதைப் பக்கத்து லயத்தில் வலியோடு இருப்பவருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், ஒருவருக்கு அளந்தது இன்னொருவரின் மூச்சை நிறுத்தலாம். பொருளுக்கு வைப்புத்தொகை கட்டியிருந்தால் ரசீதை மருந்து நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். மெத்தையின் பம்பையும் இரண்டு குழாய்களையும் சேர்த்துத் திருப்பினால்தான் முழுத் தொகையும் வரும்.