தூரத்துக்கு இரண்டு கட்டங்கள்: நான் தினமும் பார்க்கும் சிறுகோள் அட்டவணை

நாலு வருடமாகக் காலையில் நான் முதலில் திறப்பது ஓர் அட்டவணையை. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில், பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும் மையம் ஒன்று இருக்கிறது. அடுத்த 60 நாட்களில் எது, என்றைக்கு, எவ்வளவு தூரத்தில் கடக்கும் என்று அவர்கள் தரும் பட்டியல் அது. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டாம். படமும் கிடையாது, வரிவரியாக எண்கள்தான். எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒருநாள் ராத்திரி அக்கா ஒரு செய்தியை அனுப்பினாள். விமானம் அளவுள்ள விண்கல் பூமியை நோக்கிப் பாய்கிறதாம், பிள்ளைகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். பட்டியலில் பெயரைத் தேடிப் படித்துச் சொன்னேன்: நிலா இருக்கும் தூரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. "அப்போ படுக்கச் சொல்றேன்டா" என்று போனை வைத்தாள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தூரத்துக்கு இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கணித்த தூரம். அடுத்தது, கணிப்பில் பிழை இருந்தாலும் அதிகபட்சம் எவ்வளவு கிட்டே வரக்கூடும் என்பது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதன் பாதை நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பெரிய இடைவெளி இருந்தால் அவதானிப்புகள் போதவில்லை, இன்னும் சில இரவுகள் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துச் சில நாட்களே ஆன ஒரு கல்லுக்கு அந்த இடைவெளி நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்க்கிற நிம்மதி தனி.

இன்னொன்று, தூரம் பூமியின் மையத்திலிருந்து அளந்தது. 2023 ஜனவரி 26-ல் 2023 பியு என்ற சிறுகோள் தென் அமெரிக்காவின் தென்முனைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 3,600 கி.மீ. உயரத்தில் கடந்தது. அட்டவணையில் கிட்டத்தட்ட 10,000 கி.மீ. என்று இருக்கும். நடுவே உள்ளது பூமியின் ஆரம். கல்லின் அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வெளிச்சத்தை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். ஒரே வெளிச்சத்தில் தெரிந்தாலும் கறுப்புக் கல் பெரிதாகவும் வெளுத்த கல் சிறிதாகவும் இருக்கும். அதனால்தான் 2024 எம்கே என்ற சிறுகோளுக்கு 120 முதல் 260 மீட்டர் வரை என்று போட்டிருந்தார்கள்.

அந்த 2024 எம்கே-வை நான் கண்ணால் பார்த்தேன். 2024 ஜூன் 16-ல் கண்டுபிடித்தார்கள், 29-ம் தேதி 2,95,000 கி.மீ. தூரத்தில், அதாவது நிலாவுக்கும் இந்தப் பக்கம் கடந்தது. அட்டவணை தேதியைச் சொல்லும், வானத்தில் எங்கே தேடுவது என்று சொல்லாது. அதற்கு அதே ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவைக்குப் போக வேண்டும். அங்கே பார்க்கும் இடத்தை மாற்றாமல் விட்டால் பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும். நான் அப்படித்தான் விட்டிருந்தேன். தொலைநோக்கியைத் திருப்பி அரை மணி நேரம் தேடியும் ஒன்றும் இல்லை. இவ்வளவு கிட்டே வரும் கல்லுக்கு, நிற்கும் இடம் மாறினால் வானத்தில் அதன் இடமும் நிலாவின் அகலத்துக்கு மேல் மாறிவிடலாம். என் மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, நிமிடத்துக்கு ஒரு வரி என்று கேட்டு வாங்கினேன். அப்புறம் கிடைத்துவிட்டது. நட்சத்திரம் போல ஒரு புள்ளி. ஆனால் பக்கத்து நட்சத்திரத்தை விட்டு அது விலகுவது ஒரு நிமிடத்திலேயே தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, சுமார் 340 மீட்டர் அகலமுள்ள அப்போஃபிஸ் என்ற சிறுகோள் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடக்கும். மோதாது. 60 நாட்களைத் தாண்டி நீட்டிப் பார்த்தால், அட்டவணையில் அதன் இரண்டு கட்டங்களிலும் எண்கள் ஒட்டியே இருக்கின்றன. என் மாடிக்கான வரிகளை இப்போதே எடுத்து நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். அக்காவின் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறேன்.