துவர்ப்பு ஆகாதவர்களுக்கு எந்த ஒயின்? ஏற்காட்டில் ஐந்து புட்டிகளின் ஒப்பீடு

கடந்த மார்கழியில், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டியிருக்கும் என் அக்கா வீட்டில், ஐந்து ஒயின் புட்டிகளை ஒரே மாலையில் திறந்து வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைத்தோம். அக்காவுக்கு ஒயினின் மணம் மிகவும் பிடிக்கும். ஆனால் சிவப்பு ஒயினில் இரண்டு மிடறு உள்ளே போனதும் ஈறுகள் இறுகி, பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல் நாக்கு சொரசொரத்து, அதன்பின் உண்ணும் எதுவும் அவருக்குச் சுவைப்பதில்லை. எனக்கும் அந்தத் தொல்லை உண்டு, சற்றுக் குறைந்த அளவில். “அப்படியானால் வெள்ளை ஒயின் குடியுங்கள்” என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி என்பதும், துவர்ப்புக்கு அஞ்சிச் சிவப்பு ஒயினை முழுவதும் கைவிட வேண்டியதில்லை என்பதும் அந்த மாலையில் எங்களுக்குத் தெளிவாயின.

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. கடுக்காய், பாக்குப் பிஞ்சு, நாவல்பழம், வாழைப்பூ ஆகியவற்றில் நாம் அறிந்த அதே துவர்ப்புத்தான் ஒயினிலும் இருக்கிறது. அதைத் தரும் பொருள்களுக்கு டானின் என்று பெயர். புரதத்தைப் பற்றிக்கொள்வது டானினின் இயல்பு. ஆவாரம்பட்டையைக் கொண்டு தமிழ்நாட்டில் தோல் பதனிட்டதும் அந்த இயல்பை நம்பித்தான். வாயில் அது உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது. வழுவழுப்பு போய்விடுவதால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உராய்வதை உணர்கிறோம்.

ஆனால் ஒயின் குடித்தபின் வரும் எல்லாத் தொந்தரவுக்கும் டானினைக் குற்றம் சாட்டுவது தவறு. புளிப்பு மிகுந்த ஒயின் பல்லைக் கூசச் செய்து வாயில் நீரூற வைக்கும். டானின் மிகுந்த ஒயின் வாயை வறளச் செய்யும். விழுங்கிய பின் பத்து விநாடி பொறுத்திருந்து, வாய் ஊறுகிறதா வறள்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். தலைவலி என்பது முற்றிலும் வேறு வழக்கு. பால் சேர்க்காத கடுந்தேநீரிலும் டானின் நிறைய உண்டு. அதைக் குடித்துத் தலை வலிக்காதவர், ஒயினால் வரும் தலைவலிக்கு டானினைக் காரணம் காட்ட முடியாது. திராட்சைத் தோலில் உள்ள குவெர்செட்டின் என்ற வேறொரு பொருள், மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்றை உடலில் தடுப்பதால் தலைவலி வரலாம் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது ஆய்வுக்கூடச் சோதனையிலிருந்து பிறந்த கருதுகோள்தான். தலைவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். இங்கே நான் ஒப்பிடுவது வாயின் துவர்ப்பை மட்டும்.

டானின் எங்கே இருக்கிறது என்பதை அறிய, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையில் ஒரு கொத்து போதும். ஒரு பழத்தைப் பிதுக்கிச் சதையை மட்டும் உண்டால் இனிப்பும் இலேசான புளிப்பும் தெரியும். அடுத்துத் தோலை மட்டும் மென்றால் நாக்கு இலேசாகப் பிடிக்கும். கடைசியாக விதையைக் கடித்தால் கசப்பும் கடுந்துவர்ப்பும் சேர்ந்து வரும். கருந்திராட்சை பெரும்பாலானவற்றின் சாறு ஏறக்குறைய நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலோடு ஊறுவதால் வருபவை. ஆகவே ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, சாறு தோலோடும் விதையோடும் எத்தனை நேரம் ஊறியது, எந்த நிலையில் ஊறியது என்பதுதான். நிறமி நீரிலேயே விரைவாகக் கரையும். டானின், குறிப்பாக விதையின் டானின், நொதித்தலில் மது உண்டான பிறகுதான் மிகுதியாக இறங்கும். இந்தக் கால இடைவெளியைப் புரிந்துகொண்டால் ஐந்து புட்டிகளின் வேறுபாடும் விளங்கிவிடும்.

முதலில் நாசிக் பகுதியில் விளைந்த செனின் பிளாங்க் வெள்ளை ஒயினைச் சுவைத்தோம். பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இந்தத் திராட்சை மகாராஷ்டிரத்தில் நன்றாக ஊன்றிவிட்டது. சூலா போன்ற நிறுவனங்கள் இதைச் சற்றே இனிப்புத் தங்கும்படி தயாரிக்கின்றன. வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து தோலை அகற்றிய பிறகே சாற்றை நொதிக்க விடுகிறார்கள் என்பதால் அக்காவின் நாக்கு எந்த முறையீடும் செய்யவில்லை. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துவர்ப்பு ஆகாதவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது இது. ஆனால் வெள்ளை என்ற பெயரை மட்டும் நம்பினால் இரண்டு இடங்களில் ஏமாற நேரும். ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே போன்றவற்றில் மரத்தின் டானின் இறங்கியிருக்கலாம். ஆரஞ்சு ஒயின் எனப்படுவது வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்துச் செய்வது. ஜார்ஜியா நாட்டில் மண்ணுக்குள் புதைத்த பெரிய மண்சாடிகளில் மாதக்கணக்கில் அப்படி ஊறவைக்கிறார்கள். சிவப்பு ஒயினுக்கு இணையாக நாக்கைப் பிடிக்கும் ஆரஞ்சு ஒயின்கள் உண்டு.

இரண்டாவது, ஜின்ஃபண்டெல் திராட்சையில் செய்த இந்திய ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். கருந்திராட்சையின் தோலோடு சாற்றைச் சில மணி நேரம் மட்டும் வைத்திருந்து, மது உண்டாகும் முன்பே பிரித்துவிடுவதால் நிறம் இறங்கியிருக்கும், டானின் ஏறக்குறைய இறங்கியிருக்காது. சேலத்துத் தட்டுவடை செட்டுக்கும் மிளகுக்கோழிக்கும் பக்கத்தில் வைத்தபோது மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பொருந்தியது. காரத்தோடு டானின் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று முரடாக்கும், இங்கே அந்தச் சண்டையே எழவில்லை. எனினும் சிவப்பு ஒயினை விரும்பிக் குடிப்பவருக்கு ரோஸே நிறைவைத் தராது என்பது என் எண்ணம். பழ மணம் இருக்கிறது, ஆழம் இல்லை. அக்காவும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அடுத்த புட்டியைப் பார்த்தார்.

அடுத்த இரண்டும் பிரான்சின் லியோன் நகரில் பணிபுரியும் அக்கா மகள் கொண்டுவந்தவை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரச் சுங்க விதி இடம் தருவதால், 750 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டு அவர் பையில் இருந்தன. ஒன்று பிரான்சின் பொஜொலே பகுதி ஒயின், மற்றது இத்தாலியின் பியெமோன்தே பகுதியைச் சேர்ந்த பார்பெரா. அந்த மாலையின் உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடந்தது.

பொஜொலே ஒயின் கமே என்ற திராட்சையில் செய்யப்படுவது. அந்தப் பகுதியில் பழங்களை நசுக்காமல் முழுக் கொத்தாகவே தொட்டியில் அடுக்குகிறார்கள். தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்து காற்று வெளியேறியதும், ஒவ்வொரு பழத்தின் உள்ளேயும் நொதித்தல் தானாகத் தொடங்குகிறது. தோலின் நிறம் சதைக்குள் கசிகிறது. விதை உடையாமல் கிடப்பதாலும், சில நாள்களிலேயே பிழிந்துவிடுவதாலும் டானின் குறைவாகவே சேர்கிறது. இந்த முறையால் வாழைப்பழத்தையும் செம்பெர்ரியையும் நினைவூட்டும் ஒரு மணமும் வருகிறது. அக்கா முதல் மிடற்றை விழுங்கிவிட்டு, வழக்கமான இறுக்கத்துக்காகக் காத்திருந்தார், அது வரவில்லை. இரண்டாம் மிடற்றிலும் வரவில்லை. சிவப்பு ஒயினுக்குரிய கனமும் மணமும் இருந்து, வாய் வறளாத ஒன்றை அவர் குடித்தது அதுவே முதல் முறை. நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை ஆண்டுதோறும் வெளியாகும் பொஜொலே நுவோ இதைவிடவும் இலகுவானது என்றாலும், சாதாரண பொஜொலேயிலேயே போதிய மென்மை இருக்கிறது. அதே பகுதியில் மோர்கோன், மூலேன்-ஆ-வான் என்ற பெயர்களோடு வருபவற்றில் மட்டும் கவனம் தேவை. அவை நீண்ட நாள் வைத்திருக்கத்தக்கவை, டானினும் கூடுதல்.

பார்பெரா வேறொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. அதன் நிறம் நாவல்பழச் சாற்றைப் போல் இருண்டிருந்ததால் அக்கா கிண்ணத்தைத் தொடவே தயங்கினார். ஆனால் பார்பெரா இயல்பிலேயே டானின் குறைந்து, புளிப்பு மிகுந்த திராட்சை. அதே பியெமோன்தேயில் விளையும் நெப்பியோலோ கிண்ணத்தில் வெளிறித் தெரியும். குடித்தாலோ உலகின் கடுந்துவர்ப்பு ஒயின்களில் ஒன்று. நிறத்தைப் பார்த்துத் துவர்ப்பை எடைபோட முடியாது என்பதற்கு இந்த அண்டை வீட்டுக்காரர்கள் இருவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பார்பெராவைக் குடித்ததும் வாய் ஊறியது, வறளவில்லை. மட்டன் சுக்காவின் கொழுப்பை அந்தப் புளிப்பு அழகாக அறுத்தது. தனியே குடிப்பதற்கு எனக்குப் பொஜொலேயும், உணவோடு குடிப்பதற்குப் பார்பெராவும் சிறந்தவையாகத் தோன்றின. வயிற்றில் அமிலத் தொல்லை உள்ள மாமாவோ பார்பெராவை ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு இது ஏற்றதன்று. புதிய ஓக் பீப்பாயில் வைத்த பார்பெராவும் கடைகளில் உண்டு, அதில் மரத்தின் துவர்ப்பு கூடியிருக்கும்.

மெல்லிய தோல் கொண்ட பினோ நுவாரைப் பலர் முதலில் பரிந்துரைப்பார்கள். தவறில்லை; ஆனால் காம்போடு நொதிக்க வைப்பதும் பீப்பாயில் வைப்பதும் அதில் வழக்கம் என்பதால், தயாரிப்பவரைப் பொறுத்துத் துவர்ப்பு பெரிதும் மாறும். பொஜொலே அளவுக்கு அதை நான் நம்பிப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாவது, ஓக் பீப்பாயில் வைத்த, கபெர்னே, ஷிராஸ் என்ற இரு கருந்திராட்சைகளின் இந்தியக் கலவை. தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வகையில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். தடித்த தோல், நீண்ட ஊறல், மரம் என்று மூன்று வழிகளிலும் டானின் சேர்ந்த ஒயின் இது. இதே ஒயினைச் சித்திரை வெயிலில், சேலம் வீட்டில், வெக்கைக்கு அஞ்சிக் குளிர்பதனப் பெட்டியில் நன்றாகக் குளிர வைத்துக் குடித்து நான் வருந்தியிருக்கிறேன். குளிர்ச்சி டானினின் கரடுமுரடை மிகைப்படுத்திக் காட்டும். சேலத்தில் இந்தத் தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 10 டிகிரி, பொஜொலே போன்ற மென்மையான சிவப்பு வகைகள் 12 முதல் 14 டிகிரி, கடுந்துவர்ப்பு உள்ளவை 16 முதல் 18 டிகிரி. ஏற்காட்டின் மார்கழி மாலையில் அறையின் குளிரே கடைசி அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. அன்று அதே ஒயின் எனக்குச் சற்று இணக்கமாகவே இருந்தது. பாலாடைக்கட்டித் துண்டோடு குடித்தபோது இன்னும் மென்மையானது. தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதே காரணத்தால்தான், பாலின் புரதம் டானினை முதலில் பிடித்துக்கொள்கிறது. பிரான்சின் போர்தோ பகுதியில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து ஒயினின் டானினைக் குறைப்பது பழைய வழக்கம். இத்தனை உதவி செய்தும் அக்காவால் அரைக் கிண்ணத்தைத் தாண்ட முடியவில்லை.

போர்ட் என்ற பெயரில் நம் ஊரில் விற்கும் இனிப்புச் சிவப்பு ஒயின் துவர்ப்பே இல்லாதது என்று பலர் நம்புகிறார்கள். சர்க்கரை துவர்ப்பை மறைக்கிறது, நீக்குவதில்லை. துவர்ப்புக்குத் தப்ப அவ்வளவு சர்க்கரையைக் குடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சேலத்தின் டாஸ்மாக் எலைட் கடைகளில் எனக்கு எளிதாகக் கிடைப்பவை இந்திய ஒயின்கள்தான். பொஜொலேயை நான் அங்கே கண்டதில்லை. எனவே இங்கே வாங்குபவர் செனின் பிளாங்கை முதலாகவும், காரமான விருந்து என்றால் ரோஸேயை முதலாகவும் கொள்ளலாம். இரண்டிலும் புட்டியின் மீதுள்ள ஆண்டு புதிதாக இருக்க வேண்டும். நம் வெயிலில் அலமாரியில் நின்ற பழைய புட்டி மணத்தை இழந்திருக்கும். சிவப்புத்தான் வேண்டும் என்பவர் ‘ரிசர்வ்’ என்று எழுதியவற்றைத் தவிர்க்கலாம், அந்தச் சொல் இந்தியப் புட்டிகளில் பெரும்பாலும் ஓக் பீப்பாயைக் குறிக்கிறது. கபெர்னேயைவிட மெர்லோ என்ற திராட்சையின் ஒயின் பொதுவாக மென்மையானது.

அக்கா மகள் லியோனுக்குத் திரும்பும் முன் அக்கா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை இரண்டு புட்டிகளும் பொஜொலேயாகவே இருக்கட்டும், ஆனால் மூலேன்-ஆ-வான் வேண்டாம் என்று அதில் இருந்தது.