தேம்ஸ் கரையில் நிதி நடை: ஒரே இரவிலா, இரண்டு வாரத்திலா, துண்டு துண்டாகவா?

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். நண்பர்களாகச் சேர்ந்து தேம்ஸ் கரையில் நடந்து ஒரு ஹாஸ்பிஸுக்கு (குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் இல்லம்) நிதி திரட்டப் பார்க்கிறோம், எப்படி நடந்தால் நல்லது என்று. எங்கள் குழு 100 கிலோமீட்டர் நடையையும் செய்திருக்கிறது, துண்டு துண்டாகவும் நடந்துகொண்டிருக்கிறது, முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடந்த இரண்டு பேர் எங்களோடு இருக்கிறார்கள். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பாதை. க்ளாஸ்டர்ஷயரில் கெம்பிள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியில், மரத்தடியில் ஒரு கல் நட்டிருக்கும். அதுதான் நதிமூலம், பெரும்பாலான நாட்களில் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது. அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங், வின்சர் வழியாக லண்டனின் கிழக்கே தேம்ஸ் தடுப்பணை வரைக்கும் 184 மைல், ஏறக்குறைய 296 கி.மீ. 1996இல் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். பெரும்பகுதி, அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப்போன கரைதான்.

100 கி.மீ. நடை என்பது செப்டம்பரில் நடக்கும் ‘தேம்ஸ் பாத் சேலஞ்ச்’. புட்னி பக்கம் தொடங்கி ஹென்லி வரை. வழிகாட்டும் அம்புக்குறி, சாப்பாடு, முதலுதவி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உடம்பை வருத்தி ஒரு பெரிய காரியம் செய்கிறோம் என்பது கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும், ‘ஒரே மூச்சில் 100 கிலோமீட்டர்’ என்றதுமே கை பர்ஸுக்குப் போகும். அது இதன் பெரிய பலம், மறுக்கவே முடியாது. ஆனால் நண்பர்களோடு நடக்க இது ஏற்றதா என்றால், என் அனுபவத்தில் இல்லை. காலையில் நால்வராகக் கிளம்பினோம், 30 கி.மீ. தாண்டியதும் ஒருவருக்கு ஒரு வேகம், இன்னொருவருக்குக் குதிகாலில் கொப்புளம், ரன்னிமீட் பக்கம் வந்தபோது நாங்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தோம். 1215இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த அந்த மைதானத்தில் நான் பார்த்தது என் வலது காலுறையை மட்டும்தான், ஈரமாகித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் இருட்டிவிட்டது. குக்கம், மார்லோ, ஹர்லி என்று இந்தப் பாதையின் மிக அழகான இடங்களையெல்லாம் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் தெரிந்த மண்ணாக மட்டுமே கடந்தேன்.

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடப்பதற்கு, நாளைக்கு 20, 25 கி.மீ. என்று வைத்தால் இரண்டு வாரம் வேண்டும். மூன்றில் மிக நல்ல நடை இதுதான் என்று நடந்த இருவருமே சொல்கிறார்கள், நம்புகிறேன். வேலையும் பிள்ளைகளும் உள்ள ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாரம் லீவு கிடைக்காது என்பதுதான் சிக்கல். தங்கும் செலவும் இருக்கிறது, அதுவும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேலே ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் முன்பே பதிவு செய்யாமல் போகவே கூடாது. ஓய்வுபெற்ற இரண்டு பேர் என்றால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள்.

துண்டு துண்டாக, மாதம் ஒரு சனிக்கிழமை, அதுதான் இப்போது எங்கள் வழி. ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கீழே பல ஊர்களில் ரயில் நிலையம் உண்டு: கோரிங், பாங்போர்ன், மெய்டன்ஹெட், வின்சர், ஸ்டெய்ன்ஸ். காலையில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி மாலையில் இன்னொன்றில் ஏறிவிடலாம். மேல்பகுதிதான் கஷ்டம். லெச்லேடு ஊரில் ரயிலே கிடையாது, இரண்டு கார் வேண்டும், ஒன்றை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு வர. குளிர்கால மழையில் கரை வயல்கள் முழுகிவிடும். பிப்ரவரியில் கிரிக்லேடு பக்கம் போய், முழங்கால் தண்ணீரைப் பார்த்து, கொண்டுபோன புளிசாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுத் திரும்பினோம். மேல்பகுதியைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம். இதற்காகத்தானே நடக்கிறோம். ஏற்பாடு செய்த நடைகளில் பதிவுக் கட்டணம் உண்டு. தொண்டு நிறுவனமே கட்டணம் கட்டி உங்களைப் பதிவு செய்து தந்தால், குறைந்தது இவ்வளவு திரட்ட வேண்டும் என்று ஒரு தொகை சொல்வார்கள், திரட்டியதில் ஒரு பங்கு அந்தப் பதிவுக்கே போய்விடும். நாமாக நடந்தால் அந்தச் செலவு இல்லை, ரயில் டிக்கெட்டு நம் கைக்காசு. இன்னொன்று, 100 கி.மீ. நடைக்கு ஒரு தடவைதான் கேட்க முடியும். மாதாமாதம் நடந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு படமும் நாலு வரியும் அனுப்பலாம், போன மாதம் மறந்தவர் இந்த மாதம் போடுவார். எங்களுக்கு அப்படித்தான் சேர்ந்தது, அந்த 100 கி.மீ. நடையைவிட அதிகமாகவே.

எந்த வழியில் நடந்தாலும் கிஃப்ட் எய்டை, அதாவது நன்கொடையோடு அரசு சேர்த்துத் தரும் தொகையை, விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் வரி கட்டுபவர் 10 பவுண்டு கொடுத்து, நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்டு கட்டத்தில் டிக் போட்டால், அரசிடமிருந்து இன்னும் 2.50 பவுண்டு சேரும். ஆனால் கொடுப்பவர் தன் பெயரில், தன் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் பத்து பேரிடம் ரொக்கமாக வாங்கி நீங்கள் ஒருவர் பெயரில் கட்டினால் அந்தக் கூடுதல் தொகை கிடைக்காது. நல்ல மனசோடு நிறையப் பேர் செய்யும் தப்பு இது.

நாங்கள் நடப்பது, தோழியின் அம்மாவைக் கடைசி ஆறு வாரம் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்காக. இங்கே ஹாஸ்பிஸில் நோயாளியிடம் ஒரு பென்னி வாங்க மாட்டார்கள், அரசு தருவதோ செலவில் ஒரு பகுதிதான், மீதியெல்லாம் இப்படி ஜனங்கள் கொடுப்பது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் ஒருவர் “தண்ணி வேணுமா” என்று மட்டும் தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டார். அது போதுமாக இருந்தது.

தோழிக்கு மூட்டுவலி, 100 கி.மீ. நடைக்கோ இரண்டு வார நடைக்கோ அவள் வந்திருக்கவே முடியாது. ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து ரிச்மண்ட் வரை, சுமார் 13 கி.மீ. தட்டையான பாதை, அதற்கு மட்டும் வந்தாள். டெடிங்டன் மதகருகே உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துவிட்டு, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள். இன்னும் அஞ்சு கிலோமீட்டர் என்றோம். எழுந்து நடந்தாள்.