கேனான் ஈஎஃப் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம்: முதல் கூடுதல் லென்ஸாக வாங்கலாமா?

கேமராவோடு வரும் 18-55 மிமீ லென்ஸ் 50 மிமீ-யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும்). இந்த 50 மிமீ லென்ஸ் எஃப்/1.8 வரை திறப்பதால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதாவது, மங்கலான அறையில் ஷட்டர் 1/10 நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் 1/100 நொடி போதும்.

புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஏபிஎஸ்-சி கேமராவில் (முழுச்சட்டக் கேமராவைவிடச் சிறிய சென்சார் கொண்டது) ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எஃப்/1.8-இல் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 6 செ.மீ. அளவுதான். மூக்கு நுனி பளிச்சென்றிருக்கும், கண் மங்கிவிடும். பழியோ லென்ஸ் மேல்! ஏவி மோடில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்) எஃப்/2.8 வைத்து, ஒற்றைக் குவியப் புள்ளியைக் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். படத்தின் கூர்மையும் கூடும்.

அதிர்வுத் தடுப்பு இல்லை. ஷட்டர் 1/100-க்குக் கீழே போக வேண்டாம். ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/250 வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓ-வை (சென்சாரின் ஒளியுணர்திறன்) தயங்காமல் ஏற்றுங்கள். மணல்மணலாகத் தெரியும் படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது.

ஏபிஎஸ்-சி-யில் இது முழுச்சட்டக் கேமராவின் 80 மிமீ போலக் குறுகலாகத் தெரியும். சின்ன அறையில் குழுப் படம் எடுக்க முதுகு சுவரில் முட்டும். அதற்குப் பழைய லென்ஸே சரி. 35 செ.மீ.-க்குக் கிட்டே போனாலும் குவியாது.

குவிக்கும்போது முன்குழல் வெளியே நீளும். கேமராவை அணைத்துவிட்டால் வளையத்தைத் திருகினாலும் உள்ளே போகாது. அணைக்கும் முன் தொலைவில் குவித்து உள்ளிழுத்துவிடுங்கள், நீட்டியபடி பையில் போட்டால் அடிபடும்.